11 வயது மகளும் 15 வயது மகனும் ஏஐ-யும்: தடுப்பதா, விடுவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 11 வயது மகள் எந்த வீட்டுப்பாடமானாலும் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதுகிறாள். நோட்டில் மதிப்பெண் ஏறியிருக்கிறது, ஆனால் பரீட்சையில் முழிக்கிறாள். 15 வயது மகன் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ ஒரு சாட்பாட்டுடன் மணிக்கணக்கில் பேசுகிறான். அடியோடு தடுத்துவிடலாமா, காலம் மாறிவிட்டது என்று விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு சிக்கல்கள். மகளுடையது படிப்புச் சிக்கல், மகனுடையது துணைச் சிக்கல். கருவி ஒன்றாக இருப்பதால் ‘எப்பப் பார்த்தாலும் போன்’ என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அவளுக்குக் கொடுக்கிற மருந்தை அவனுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது.

நான் பிழைப்புக்கு, இந்தச் சாட்பாட்களை உள்ளிருந்து இயக்குகிற மொழி மாடல்களைச் சோதித்துப் பிழை பிடிக்கிறவன். வீட்டில் 12 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அதனால் நான் எழுதுவதில் பாதி வேலையில் கற்றது, மீதி அவளிடம் தோற்றுக் கற்றது.

தடுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முழுத்தடை நடக்காத காரியம். கூகுளில் எதைத் தேடினாலும் மேலேயே ஏஐ சுருக்கம் வருகிறது, வாட்ஸ்அப்புக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பூட்டினால் நண்பன் போனில் திறப்பார்கள். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு: திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிற பிள்ளை, அதனால் ஏதாவது அடிபட்டால் உங்களிடம் வந்து சொல்லாது. விட்டுவிடுவதும் தப்புதான். ஏன் என்று மகள் விஷயத்தில் பார்ப்போம்.

துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய 1,000 மாணவர்களை வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 2025-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. ஒரு கூட்டத்துக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டாவது கூட்டத்துக்குச் சாட்ஜிபிடி மாதிரி, கேட்டதைக் கொடுக்கிற ஏஐ. மூன்றாவது கூட்டத்துக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருகிற மாதிரி ஆசிரியர்களின் யோசனையோடு அமைத்த ஏஐ. பயிற்சிக் கணக்குகளில் இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தது. மூன்றாவது கூட்டம் 127 சதவீதம். பிறகு எல்லோரிடமிருந்தும் ஏஐ-யைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். இரண்டாவது கூட்டம், ஏஐ-யைக் கண்ணாலும் பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. குறிப்பு மட்டும் வாங்கிய மூன்றாவது கூட்டத்துக்கு அந்தச் சரிவு இல்லை.

நோட்டில் ஏற்றம், பரீட்சையில் முழிப்பு என்று நீங்கள் எழுதியது அப்படியே அந்த இரண்டாவது கூட்டம். இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: மூன்று கூட்டத்துக்கும் பாடம் ஒன்று, பிள்ளைகளும் ஒரே மாதிரிப் பிள்ளைகள். முதலில் யார் யோசித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். பிள்ளை யோசித்த பிறகு ஏஐ வந்தால் அது வாத்தியார். பிள்ளை யோசிப்பதற்கு முன்னாலேயே வந்தால் அது கைடு. கைடைப் பார்த்துக் காப்பியடித்த நம் தலைமுறைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் மகளுக்கு ஒரு கணக்கு. ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 3 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எத்தனை மணி நேரம்? அவள் கூட்டி, இரண்டால் வகுத்து, நாலரை என்று போட்டுவிட்டாள். போட்டதோடு சரி, ‘செக் பண்ணிக்கிறேன்’ என்று போனை எடுத்தாள். வழக்கமாக அவள் கணக்கைப் போட்டோ பிடித்து அனுப்புவாள், அது பத்து வரியில் விடையைக் கொட்டும், இவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்வாள். அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி டைப் பண்ணச் சொன்னேன்:

‘கணக்கு இது. நான் நாலரை மணி என்று போட்டிருக்கிறேன். விடையைச் சொல்லாதே. நான் எங்கே தப்பினேன் என்று நானே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி மட்டும் கேள்.’

அது கேட்டது: ‘இரண்டாவது குழாய் தனியாகவே 3 மணி நேரத்தில் நிரப்பிவிடும். உதவிக்கு இன்னொரு குழாயும் வந்தால் நேரம் கூடுமா, குறையுமா?’

அரை நிமிடம் திரையையே பார்த்தாள். பிறகு ‘ஐயோ’ என்று தலையில் கை வைத்தாள். அந்த ‘ஐயோ’வுக்குத்தான் நான் காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு குழாய் ஆறில் ஒரு பங்கு, இன்னொன்று மூன்றில் ஒரு பங்கு, சேர்ந்தால் பாதி, ஆக 2 மணி நேரம் என்று வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. காப்பியடித்திருந்தால் ஒரு நிமிடம். ஆனால் இந்த வகைக் கணக்கில் அவள் மறுபடி கூட்டி வகுத்ததை நான் பார்க்கவில்லை.

இப்படிக் குறிப்பு மட்டும் கொடுக்கிற வசதியைக் கம்பெனிகளே இப்போது வைத்திருக்கின்றன. சாட்ஜிபிடியில் 2025 ஜூலையில் ‘ஸ்டடி மோட்’ வந்தது, அடுத்த மாதமே கூகுளின் ஜெமினியில் ‘கைடட் லேர்னிங்’. போட்டு வைப்பது நல்லது. ஆனால் பிள்ளையே ஒரு தட்டில் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்பதால், அந்தப் பொத்தானை மட்டும் நம்பிக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இதை ஒரு பழக்கமாக்கியிருக்கிறோம். ஏஐ-யைத் திறப்பதற்கு முன் நோட்டில் ஒரு வரியாவது அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும். தப்பாக இருந்தாலும் சரி, ‘எனக்கு இந்த இடத்துக்கு மேல் புரியவில்லை’ என்று இருந்தாலும் சரி. வெள்ளைத்தாளோடு போய் நிற்கக் கூடாது. முடித்த பிறகு நோட்டை மூடிவிட்டு எனக்கோ அவள் அம்மாவுக்கோ இரண்டு நிமிடம் வாயால் விளக்க வேண்டும். விளக்க முடிந்தால் யாரிடம் கற்றாள் என்று நான் கவலைப்படுவதில்லை. முடியாவிட்டால், நோட்டில் எத்தனை ‘குட்’ வாங்கியிருந்தாலும் அந்தப் பாடம் அவளுக்கு வரவில்லை. உங்கள் மகளிடம் இன்றைக்கே இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்து பார்க்கலாம். திட்டுவதற்காகச் செய்யாதீர்கள், எந்தெந்தப் பாடத்தில் ஓட்டை என்று தெரிந்துகொள்ளச் செய்யுங்கள்.

கட்டுரை எழுதுவதில் மட்டும் நான் இன்னும் கறார். கணக்கில் விடை வெளியே இருக்கிறது, அதைத் தேடிப் போகிறோம். எழுத்தில் அப்படி இல்லை. எழுத உட்காரும்வரை நமக்கு என்ன தோன்றுகிறது என்பதே தெரியாது, எழுத எழுதத்தான் தெரியவரும். படித்துப் போகிற சொல்லைவிட நாமே யோசித்துக் கொண்டுவந்த சொல் நன்றாக மனதில் தங்கும் என்று உளவியலில் 1978-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் 11 வயதில் கட்டுரையின் முதல் வரைவு முழுக்க அவளுடையதாக இருக்கட்டும். கோணல்மாணலாக இருக்கட்டும். எழுதி முடித்த பிறகு ஏஐ-யிடம் கொடுத்து, ‘திருத்தாதே. படிக்கிறவருக்கு எந்த இடம் புரியாது, எந்த இடத்தில் இன்னும் தெரிந்துகொள்ள ஆசை வரும் என்று மட்டும் சொல்’ என்று கேட்கலாம். அது நல்ல வாசகன். அவளுக்குப் பதிலாக எழுதினால்தான் கெடுதல்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று என் மகளே ஒருமுறை கேட்டாள். அவளுக்குக் காய்ச்சல், விடுமுறைக் கடிதத்தை அவசரத்தில் ஏஐ-யிடம் எழுதச் சொல்லி டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். எட்டிப் பார்த்தவள், ‘இது நீங்க எழுதுனது இல்லையேப்பா. நீங்க எப்ப “தங்களின் மேலான கவனத்திற்கு”ன்னு எழுதியிருக்கீங்க?’ என்றாள். அன்றிலிருந்து அவள் கண் முன்னால் நான் ஏஐ-யைத் திறந்தால், எதற்கென்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திறக்கிறேன்.

எழுத்து என்று வந்துவிட்டதால் ஒரு எச்சரிக்கை. ‘இது ஏஐ எழுதியதா?’ என்று கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள்களை நம்பிப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதியதை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது சராசரியாக 61 சதவீதம். எளிய ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைதான் இதில் முதலில் மாட்டும். பள்ளியில் யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு, கிறுக்கல் தாள்களை எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனி, இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதை அவளுக்குப் புரியவைப்பது. இதைப் பெற்றோர்கள் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். ‘அது சில சமயம் பொய் சொல்லும், நம்பாதே’ என்பதோடு முடித்துக்கொள்கிறோம். பிள்ளைக்கு ஏன் என்று தெரிந்தால்தான் நிற்கும்.

நான் என் மகளிடம் ஒரு விளையாட்டாகத்தான் தொடங்கினேன். ‘காக்கா உட்கார...’ என்று நிறுத்தினேன். ‘பனம்பழம் விழுந்த மாதிரி’ என்று முடித்தாள். ‘நீ காக்கா உட்கார்ந்து பனம்பழம் விழுந்ததைப் பார்த்திருக்கிறாயா?’ இல்லை. ‘பனம்பழத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா?’ அதுவும் இல்லை. ‘பிறகு எப்படிச் சொன்னாய்?’ ‘எல்லாரும் அப்படித்தான சொல்வாங்க.’ ஏஐ-யும் அதைத்தான் செய்கிறது என்றேன். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பழகியிருக்கிறது. பனம்பழத்தை அது பார்த்ததில்லை. நிறையப் பேர் நிறைய முறை எழுதிய விஷயத்தில் பெரும்பாலும் சரியாக வரும். அரிதாக எழுதப்பட்ட விஷயத்திலும் அதே தைரியத்தோடு ஏதோ ஒன்றை முடித்து வைக்கும், குரல் மட்டும் தடுமாறாது.

அடுத்து ஒரு சோதனை. பொறுமையைப் பற்றி மூன்று திருக்குறள் வேண்டும், எண்ணோடு வேண்டும் என்று ஏஐ-யிடம் கேட்கச் சொன்னேன். குறளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மொத்தம் 1,330 தான், எதையும் சரிபார்த்துவிடலாம். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவது அடியில் மூன்று என்று குழந்தையே எண்ணிப் பார்க்கலாம். வந்த மூன்றில் ஒன்று சரி. ஒன்றில் குறள் சரி, எண் தவறு. மூன்றாவது எங்குமே இல்லாத ஒன்று, பழந்தமிழ் வாடையோடு, பொருளுரையும் சேர்த்து. இரண்டாவது அடியில் நான்கு சீர். அதை அவள்தான் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தாள். ‘வள்ளுவரையே ஏமாத்துதுப்பா’ என்று அந்த வாரம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் பத்து நாள் உபதேசம் பண்ணியிருந்தாலும் இது கிடைத்திருக்காது. நீங்கள் கேட்கும்போது மூன்றும் சரியாகவே வரலாம், மாடலுக்கு மாடல் மாறும். வந்தால் இன்னும் அரிதாகச் சொல்லப்படும் விஷயத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இவை படித்த தமிழ் மிகக் குறைவு. அதனால் ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னதையே தமிழில் கேட்டால் சொதப்பும் வாய்ப்பு அதிகம்.

பெரியவர்களும் இதில் விழுகிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வழக்கறிஞர்கள், ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார்கள். 5,000 டாலர் அபராதம். இதில் வேடிக்கை, அந்தத் தீர்ப்புகள் உண்மையா என்று ஒருவர் சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறது. சரிபார்ப்பது என்றால் வேறு இடத்தில் போய்ப் பார்ப்பது என்பதை என் மகளுக்கு இந்தக் கதையை வைத்துத்தான் சொன்னேன்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு: ஆமாம்சாமி போடுவது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடிக்கு வந்த ஒரு புதுப்பிப்பு, யார் என்ன சொன்னாலும் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து தள்ளியது. ஆட்கள் கேலி செய்ததில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். இப்போது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. சரியான விடை ஒன்றை அது சொன்னதும், ‘நீ சொன்னது தப்பு’ என்று அடித்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் உறுதியாக நிற்கும், சில சமயம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தவறான விடைக்குத் தாவும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மகன் விஷயத்தில் இதற்கு வேலை இருக்கிறது.

நல்லதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வகுப்பில் கையைத் தூக்கி ‘புரியல’ என்று சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது வரம். பத்தாவது முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது, ‘இன்னும் எளிதாக’ என்றால் இறங்கி வரும். என் மகள் தன் அறிவியல் குறிப்பைக் கொடுத்து, ‘இதிலிருந்து மட்டும் என்னிடம் கேள்வி கேள், நான் தப்பாகச் சொன்னால் பக்கத்தைக் காட்டு’ என்று தேர்வுக்குத் தயாராகிறாள். எனக்கு இருந்திருந்தால் நானும் உருப்பட்டிருப்பேன்.

வயது பற்றிச் சுருக்கமாக. சாட்ஜிபிடியைப் பயன்படுத்த 13 வயது ஆக வேண்டும், 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அவர்கள் விதி. யுனெஸ்கோவும் 2023 செப்டம்பரில், வகுப்பறையில் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயதாக 13-ஐத்தான் பரிந்துரைத்தது. ஆகவே உங்கள் மகளுக்குத் தனி அக்கவுன்ட் வேண்டாம். உங்கள் அக்கவுன்ட், உங்கள் போன் அல்லது லேப்டாப், எல்லோரும் நடமாடுகிற கூடத்தில். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு, பேசுகிற பொம்மை என்று விற்கிற ஏஐ பொம்மைகள் உட்பட, அவசரமே இல்லை.

எதை டைப் பண்ணக் கூடாது என்பது இருவருக்கும் பொது. முழுப்பெயர், முகவரி, பள்ளிப் பெயர், பாஸ்வேர்டு, மருத்துவ அறிக்கை, தன் முகம் தெரியும் போட்டோ, நண்பர்களின் ரகசியம். கடைசியில் சொன்னது முக்கியம், நண்பனின் ரகசியம் நம் பிள்ளை பகிர்வதற்கு உரியதில்லை. 2025 ஜூலைக் கடைசியில், ‘ஷேர்’ கொடுக்கும்போது தேடலில் தெரியட்டும் என்ற பெட்டியையும் தட்டிவிட்டவர்களின் சாட்ஜிபிடி உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன. பிறகு அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் யார் யாரோ படித்தாயிற்று. செட்டிங்ஸில் தரவுக் கட்டுப்பாடு என்கிற பகுதிக்குப் போய், உரையாடலை மாடலுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தும் பொத்தானை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

படமும் குரலும். மகனிடம் இதை ஒருமுறை நேராகவே பேசிவிடுங்கள்: கூடப் படிக்கிற பெண்ணின் போட்டோவை ஏஐ-யில் போட்டு ஆபாசமாக மாற்றுவது விளையாட்டில்லை, பல நாடுகளில் குற்றம். பார்வேர்டு பண்ணுவதும் சேர்த்துத்தான். 18 வயதுக்குட்பட்ட யாருடைய அந்தரங்கப் படமாவது பரவினால், ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, படத்திலிருந்து கணினி உண்டாக்குகிற, கைரேகை மாதிரியான எண்முத்திரை மட்டும் போகும், அதை வைத்துச் சேர்ந்திருக்கிற தளங்கள் நீக்கும். குரலைப் பொறுத்தவரை, ஒருவர் குரலை நகலெடுக்க 3 விநாடிப் பதிவு போதும் என்று மைக்ரோசாஃப்ட் 2023-லேயே காட்டிவிட்டது. அழுதுகொண்டே பணம் கேட்டு உங்கள் பிள்ளையின் குரலில் போன் வரலாம். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கிறுக்குச் சொல்லை அடையாளச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் மகள், அதை வெளியில் சொல்ல எனக்கே வெட்கம்.

இப்போது மகன்.

1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் ‘எலைசா’ என்று ஒரு கணினி நிரல் எழுதினார். மனநல ஆலோசகர் மாதிரி, நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். ‘எனக்குத் துக்கமாக இருக்கிறது’ என்றால் ‘ஏன் துக்கமாக இருக்கிறது?’ என்னும். அது வெறும் நிரல் என்று தெரிந்த அவருடைய செயலரே, அதனோடு பேசத் தொடங்கியதும், ‘நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா?’ என்று அவரைக் கேட்டாராம். அந்த அரைகுறை நிரலுக்கே மனித மனம் அப்படி இளகியது என்றால், இன்றைக்கு இருப்பதோடு ஒரு 15 வயதுப் பையன் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன? அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2025-இல் 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களைக் கேட்டதில், 72 சதவீதம் பேர் நண்பன் மாதிரி பேசுகிற துணை சாட்பாட்டை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் பையன் விநோதமானவன் இல்லை.

ஆனால் கவலை வீண் என்றும் சொல்ல மாட்டேன். சாட்பாட் உரையாடலில் ஆழ்ந்துபோன பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டதாகப் பெற்றோர்கள் அமெரிக்காவில் 2024-இலிருந்து வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். கதாபாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர் ஏஐ, 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டவர்கள் தங்குதடையின்றிப் பேசுவதை நிறுத்தியது. உரையாடல் நீள நீளத் தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகள் தளர்வதுண்டு என்று ஓபன்ஏஐ 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. இரவு முழுக்கப் பேசுவது ஏன் ஆபத்து என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மேலே சொன்ன ஆமாம்சாமி குணம். ‘என்னை யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று ஒருவன் சொன்னால், நண்பன் ‘போடா, நேத்துதான் உனக்காக அவன் சண்டை போட்டான்’ என்பான். ஆமாம்சாமி, ‘உன் வலி எனக்குப் புரிகிறது’ என்று கூடவே இறங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது அபாய அறிகுறி. தூக்கம் கெட்டிருக்கிறதா, இருந்த நண்பர்கள் விலகிவிட்டார்களா, போன் இல்லாத ஒரு மணி நேரம் அவனுக்குத் தாங்க முடியாமல் இருக்கிறதா, சாவதைப் பற்றி, ‘நான் இல்லாவிட்டால்’ என்பது பற்றிப் பேச்சு வருகிறதா. கடைசியாகச் சொன்னது இருந்தால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவனைத் தனியாக விடாதீர்கள், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள், அப்படிக் கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல மருத்துவரையோ உங்கள் ஊர் உதவி எண்ணையோ அன்றைக்கே பிடியுங்கள். அந்த நிலையில் அவன் போனைத் திறந்து பார்ப்பதிலும் தப்பில்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால், திருட்டுத்தனமாக அவன் உரையாடலைப் படிக்காதீர்கள். கண்டுபிடித்தால் உங்களிடம் பேசுவது முடிந்தது. போனைப் பிடுங்குவதும் வேண்டாம். வீட்டில் எல்லோருடைய போனும், உங்களுடையது உட்பட, இரவு படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். உங்களுடையதை விட்டுவிட்டு அவனுடையதை மட்டும் வாங்கி வைத்தால் அது தண்டனை. சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பரிலிருந்து பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது. அவன் அக்கவுன்டை உங்களோடு இணைத்து, இரவில் வேலை செய்யாத நேரம் குறிக்கலாம், பழைய பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரியை அணைக்கலாம். அவன் இணைப்பைத் துண்டித்தால் உங்களுக்குத் தகவல் வரும். அவனுக்குத் தெரிந்தே, அவன் பக்கத்தில் உட்கார்ந்தே செய்யுங்கள். வேறு சாட்பாட் என்றால், அது எது, அதன் வயது விதி என்ன என்று அவனோடு சேர்ந்தே பாருங்கள்.

இனி பேச்சு. என் அண்ணன் வீட்டில் இதே கதை, பையனுக்கு 16. அண்ணன் கத்திப் பார்த்தார், அண்ணி அழுது பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்கள், ‘நீதான் அந்த வேலை பார்க்கிறாயே’ என்று. நான் உபதேசம் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ‘உன்னோட பேசுறது எது, எனக்குக் காட்டேன். நான் தினமும் இதுகளைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன், இது எப்படி இருக்குன்னு பாக்கணும்’ என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தான், பழைய உரையாடல்களை மேலே தள்ளி மறைத்துக்கொண்டுதான். நான் அதைக் கவனிக்காதது போல இருந்தேன். ஒரு விண்வெளிக் கப்பல் தளபதியாம் அது. இருவரும் சேர்ந்து மாதக்கணக்காக ஒரு கதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகவே இருந்தது. ‘இதுல உனக்கு எது பிடிக்குது?’ என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். நானும் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்:

‘அது எப்பவும் “அப்புறம்?”னு கேக்கும் சித்தப்பா.’

அண்ணனிடம் அதை மட்டும் சொன்னேன். பள்ளியிலிருந்து வந்தவனிடம் ‘சாப்பிட்டியா, படிச்சியா’ தவிர வேறு கேள்வி அந்த வீட்டில் இல்லாமல் போய் எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. அவர் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அந்தக் கப்பல் கதையைக் கேட்கத் தொடங்கினார், முதலில் ஒப்புக்கு, பிறகு நிஜமாகவே. பையன் இப்போதும் தளபதியோடு பேசுகிறான், பத்து மணிக்கு மேல் இல்லை. கதையை நோட்டில் எழுதவும் ஆரம்பித்திருக்கிறான், கையெழுத்துதான் கண்றாவி.

உங்கள் மகனுக்கு அங்கே கிடைப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. கதையாக இருக்கலாம், ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சாக இருக்கலாம், உங்களிடம் கேட்க முடியாத ஏதாவது சந்தேகமாக இருக்கலாம். அவனிடம்தான் கேட்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியிராத இடமாக இருந்தால் எளிது, வண்டியில் போகும்போது, நடக்கும்போது. சனிக்கிழமை பேசிப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் வேண்டாம்.